நல்ல கையைக் கட்டிப்போடலாமா?

கேள்வி: என் பேரனுக்கு நாலு வயது. பெருமூளை வாதம், இடது கைதான் பாதிப்பு என்று கிளினிக்கில் சொன்னார்கள். அந்தக் கை எந்நேரமும் பொத்தியபடியே இருக்கிறது. மகள் தேயிலைக் கொழுந்து பறிக்கப் போவதால் பகலெல்லாம் பிள்ளை என்னோடுதான். பயிற்சி செய்யச் சொன்னால் அழுகிறான். நல்ல கையைக் கட்டிப்போட்டால் மற்றக் கை தானாக வேலை செய்யும் என்று பக்கத்து லயத்தில் ஒருவர் சொல்கிறார். உண்மையா? என்ன விளையாட்டுச் சாமான் வாங்கலாம்?
— ஓர் அம்மாயி, பொகவந்தலாவை

பதில்: அக்கா, கட்டாதீர்கள். அவர் சொன்னது முழுப் பொய்யும் இல்லை. நல்ல கைக்கு உறை மாட்டி, தினம் இத்தனை மணி நேரம், இத்தனை வாரம் என்று கணக்கு வைத்து, பலவீனமான கைக்கு விளையாட்டிலேயே வேலை கொடுக்கும் சிகிச்சை ஒன்று இருக்கிறது. அது உங்கள் பேரனுக்குச் சரிவருமா என்று சொல்ல வேண்டியவர் தொழில்வழிச் சிகிச்சையாளர், அதாவது அன்றாட வேலைகளைச் செய்யப் பழக்கும் சிகிச்சையாளர். வீட்டில் சேலைத் துண்டால் கட்டிவைத்தால் பிள்ளைக்கு இரண்டு கையும் இல்லாமல் போகும்.

நான் டொக்டர் இல்லை. தோட்டத்தில் தச்சனாக இருந்தவன். ஒரு சிகிச்சை அறைக்குப் பல வருஷம் சாமான் செய்து கொடுத்தேன். முதலில் கொண்டுபோனது ஒரு லொறி. சிவப்புப் பெயின்ட், கதவு கூடத் திறக்கும். எனக்கே பெருமை. உங்கள் பேரனைப் போல ஒரு பிள்ளை அதை நல்ல கையால் எடுத்து, நல்ல கையால் ஓட்டி, நல்ல கையாலேயே கதவையும் திறந்தது. மற்றக் கை மடியிலேயே கிடந்தது. "லொறி அழகுதான். இந்தக் கைக்கு அதில் என்ன வேலை?" என்று அங்கிருந்த மிஸ் கேட்டார். வீடு வரும்வரை பஸ்ஸில் நான் யாரோடும் பேசவில்லை.

அடுத்துச் செய்தது வெறும் பெட்டி. மூடிக்குக் கீல் வைத்து, பழைய சைக்கிள் டியூப்பில் ஒரு கீற்றும் பூட்டினேன். மூடியைத் திறந்து கையை எடுத்தால் டியூப் இழுத்து மூடிவிடும். அப்போ ஒரு கை மூடியைத் தள்ளிப் பிடித்தால்தான் மற்றக் கை கட்டையைப் போடலாம். பிடிப்பது பலவீனமான கையின் வேலை. விரலை விரிக்க வேண்டியதில்லை. பொத்திய கையால் தள்ளினாலும் சரி. டியூப் இறுக்கம் என்றால் பிள்ளை தோற்றுவிடும், தளர்வு என்றால் அந்தக் கையே தேவைப்படாது. ஒரே பெட்டிக்கு மூன்று தடவை டியூப் மாற்றியிருக்கிறேன். விரல் நசுங்காமல் மூடியின் முன்விளிம்பில் ஸ்பொஞ் ஒட்டுங்கள். கட்டைகள் பெரிதாக இருக்கட்டும். 3 வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் சாமானைச் சோதிக்கும் உருளையின் விட்டம் 31.7 மில்லிமீற்றர், அதற்குள் அடங்குவது தொண்டையையும் அடைக்கும். கண்டதையும் வாயில் வைக்கிற பிள்ளையென்றால் வயதைப் பார்க்காதீர்கள்.

கடையில் வாங்கியே ஆக வேண்டும் என்றில்லை. ரொட்டிக்கு மா பிசையும்போது ஓர் உருண்டையை அவனிடம் கொடுங்கள், ஒரு கைக்குள் அடங்காத உருண்டையாக. உங்கள் பக்கத்துக் குளிரில் அந்தக் கை இன்னும் இறுகும். முதலில் வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்ச நேரம் வைத்திருங்கள். சூட்டை உங்கள் முழங்கையால் பார்த்துக்கொள்ளுங்கள். அப்புறம், கதிரையில் கால் தொங்கினால் பிள்ளையின் பலமெல்லாம் விழாமல் இருப்பதிலேயே போய்விடும். பாதத்துக்குக் கீழே பலகை வையுங்கள்.

கேள்வி: மகளுக்கு வாங்கிய பற்றரி கார் சும்மா கிடக்கிறது. அதன் சுவிட்ச் மிகச் சிறியது, அவளால் அழுத்த முடியவில்லை.
— ஒரு தந்தை, மஸ்கெலியா

பதில்: தம்பி, சுவிட்சைப் பெரிதாக்குங்கள். இரண்டு அட்டையில் அலுமினியத் தாள் ஒட்டி, தாள்கள் ஒன்றையொன்று பார்க்கும்படி வைத்து, இடையில் நடுவே ஓட்டை போட்ட ஸ்பொஞ்சைச் செருகுங்கள். ஒவ்வொரு தாளிலிருந்தும் ஒரு வயர். ரேடியோ திருத்துகிறவரிடம் கொடுத்தால் அவற்றைக் காரின் சுவிட்சுடைய இரண்டு காலிலும் ஈயம் பற்றவைத்துத் தருவார். அட்டையை அழுத்தினால் ஓடும், விட்டால் நிற்கும். கையால்தான் என்றில்லை, முழங்கை நன்றாக அசைந்தால் முழங்கைக்குப் பக்கத்தில் வையுங்கள். சுவர்க் கரண்டில் ஓடும் சாமானில் இதைச் செய்யாதீர்கள். பட்டன் பற்றரி போட்டதையும் பிள்ளையிடம் விடாதீர்கள். ஸ்பொஞ் மெல்லியதாக இருக்கட்டும். கனத்தால் என்னதான் அழுத்தினாலும் தாள்கள் தொடாது.