நர்ஸ் வேலையிலிருந்து மருத்துவமனை நிர்வாகத்துக்கு: எதைப் படிப்பது, எப்படிப் படிப்பது?

கேள்வி: பி.எஸ்சி. நர்சிங் முடித்து ஆறு ஆண்டுகளாகத் திருநெல்வேலியில் 150 படுக்கைகள் உள்ள தனியார் மருத்துவமனையில் ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறேன். இப்போது ஐ.சி.யூ.வில் டூட்டி. வயது 28. நைட் ஷிஃப்ட் உடம்புக்கு ஒத்துவரவில்லை. எம்.எச்.ஏ. (மருத்துவமனை நிர்வாக முதுகலை) படித்தால் நிர்வாகப் பக்கம் போய்விடலாம் என்று தோழிகள் சொல்கிறார்கள். "டாக்டர் இல்லாதவங்களை யார் அட்மினிஸ்ட்ரேட்டர் ஆக்குவாங்க?" என்கிறார் அண்ணன். எம்.எச்.ஏ.வா, எம்.பி.ஏ.வா? வேலையை விட்டுவிட்டுப் படிப்பதா, தொலைநிலைக் கல்வியா? ஒரு கல்வி ஆலோசனை மையம் "100 சதவீத வேலை உத்தரவாதம்" என்கிறது. நம்பலாமா?

பதில்: கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடலாம். நம்ப வேண்டாம். என்ன வேலை, எந்த ஊரில், என்ன சம்பளத்துக்கு என்று அவர்களிடம் கேட்டு, எழுத்தில் வாங்கிப் பாருங்கள். ரிசப்ஷனில் உட்கார்ந்து டோக்கன் கொடுப்பதும் மருத்துவமனை வேலைதான். அவர்கள் கணக்கில் அதுவும் அந்த நூறுக்குள் வரும். ஆறு வருடம் நோயாளிகளைப் பார்த்தவர் அதற்காக இரண்டு வருடமும் ஃபீஸும் செலவழிக்கத் தேவையில்லை.

நைட் ஷிஃப்ட் விஷயத்திலும் கொஞ்சம் கறாராகப் பேச வேண்டியிருக்கிறது. ஆபரேஷன்ஸ் பிரிவில் புதிதாகச் சேருபவரை இரவு டூட்டி மேனேஜராகப் போடுவது பெரிய மருத்துவமனைகளில் சாதாரணம். நள்ளிரவில் கேஷுவாலிட்டியில் உறவினர்கள் சத்தம் போட்டாலும், ஆக்சிஜன் பிரஷர் இறங்கினாலும், லிஃப்ட் நின்றாலும் போன் அவருக்குத்தான் வரும். இரவுப் பணியிலிருந்து விடுபடுவது மட்டுமே நோக்கம் என்றால் அதற்குப் பட்டம் வேண்டாம். ஓ.பி., இன்ஷூரன்ஸ் டெஸ்க், தொற்றுக் கட்டுப்பாட்டு நர்ஸ் போன்ற பகல் நேரப் பணிகளுக்கு உங்கள் நர்சிங் சூப்பரின்டென்டென்ட்டிடம் இப்போதே கேட்கலாம். ஒரு மருத்துவமனை எப்படி ஓடுகிறது என்பதில் உண்மையிலேயே ஆர்வம் இருந்தால் மட்டும் மேற்கொண்டு படியுங்கள்.

அண்ணன் சொல்வதில் பாதி சரி. தமிழக அரசு மருத்துவமனைகளில் டீன், மருத்துவக் கண்காணிப்பாளர், நிலைய மருத்துவ அலுவலர் எல்லோருமே மருத்துவர்கள். எம்.எச்.ஏ. படித்து அந்த நாற்காலிகளுக்குப் போக வழியில்லை. மருத்துவமனை நிர்வாகத்திலேயே எம்.டி. பட்டமும் இருக்கிறது, ஆனால் அதற்கு எம்.பி.பி.எஸ். முடித்து நீட் பி.ஜி. போன்ற நுழைவுத் தேர்வை எழுத வேண்டும். தனியாரிலும் மெடிக்கல் டைரக்டர் பொறுப்பில் டாக்டர்தான் இருப்பார்.

ஆனால் ஆபரேஷன்ஸ், குவாலிட்டி, பர்ச்சேஸ், இன்ஷூரன்ஸ், ஹவுஸ்கீப்பிங் போன்ற பிரிவுகளின் தலைமைப் பொறுப்புகளுக்கு எம்.பி.பி.எஸ். தேவையில்லை. அரசுப் பக்கத்திலும் ஒப்பந்த அடிப்படையில் சில வாய்ப்புகள் உண்டு. தேசிய நலவாழ்வுக் குழுமத்தின் மாவட்டத் தர ஆலோசகர் பணிக்கு, நர்சிங் போன்ற பட்டத்தோடு மருத்துவமனை நிர்வாகத்திலோ பொதுச் சுகாதாரத்திலோ முதுகலையும் அனுபவமும் கேட்பார்கள். அதற்கு உங்கள் சுயவிவரம் நன்றாகவே பொருந்தும். மாவட்ட நலவாழ்வுச் சங்க விளம்பரங்களை இன்றிலிருந்தே பார்த்துவாருங்கள். விண்ணப்பிக்க இல்லை, என்ன தகுதி கேட்கிறார்கள், ரெகுலரில் படித்த பட்டம்தான் வேண்டும் என்று போட்டிருக்கிறார்களா என்று தெரிந்துகொள்ள.

நிர்வாகம் என்ன சாதிக்கும் என்பதற்கு உங்கள் ஊரிலேயே எடுத்துக்காட்டு இருக்கிறது. அரவிந்த் கண் மருத்துவமனையை டாக்டர் ஜி. வெங்கடசாமி 1976-இல் மதுரையில் 11 படுக்கைகளோடு தொடங்கினார். திருநெல்வேலிக் கிளை 1988-இல் வந்தது. அங்கே ஒரு சர்ஜனுக்கு இரண்டு மேசைகள். ஒன்றில் கண்புரை அறுவை நடக்கும்போதே அடுத்த மேசையில் அடுத்த நோயாளியைப் பயிற்சி பெற்ற பெண் ஊழியர்கள் தயார் செய்துவிடுவார்கள். சர்ஜன் காத்திருக்கும் நேரம் ஏறக்குறைய இல்லை. ஹார்வர்டு பிசினஸ் ஸ்கூல் 1993-இல் இதைப் பாடமாகவே எழுதியது. கத்தி பிடிப்பவர் டாக்டர்தான். அவர் நேரம் வீணாகாமல் பார்த்துக்கொள்வது நிர்வாகம். மதுரையில் 1992-இல் தொடங்கிய லைக்கோ இந்த முறையைப் பிற மருத்துவமனைகளுக்குச் சொல்லித்தரவென்றே இருக்கும் பயிற்சி நிறுவனம். விடுமுறையில் ஒருமுறை போய், நர்ஸ்களுக்கு அங்கே என்ன பயிற்சி உண்டு என்று விசாரியுங்கள்.

இனி, உள்ளே என்ன படிக்கப்போகிறீர்கள் என்று பார்ப்போம். 100 படுக்கை மருத்துவமனை, 30 நாள் மாதம். ஒரு படுக்கை ஒரு நாளுக்கு என்றால் அது ஒரு படுக்கை நாள்; ஆக, கையிருப்பு 3,000 படுக்கை நாட்கள். அவற்றில் நோயாளிகள் இருந்தது 2,400 என்றால் நிரம்பிய விகிதம் 80 சதவீதம். அந்த மாதம் 600 பேர் டிஸ்சார்ஜ் ஆனால் ஒருவர் சராசரியாகத் தங்கியது நான்கு நாள். அதை மூன்றரை நாளாகக் குறைத்தால், அதே 2,400 படுக்கை நாட்களில் சுமார் 685 பேருக்குச் சிகிச்சை தரலாம். ஒரு கட்டிலும் புதிதாக வாங்காமல் 85 பேர் கூடுதல்.

சரி, அரை நாளை எங்கே பிடிப்பது? பாடப்புத்தகம் அதைச் சொல்லாது, உங்களுக்குத் தெரியும். காலையில் "இன்னிக்கு வீட்டுக்குப் போகலாம்" என்று நோயாளியிடம் சொல்லியாகிவிட்டது. கன்சல்டன்ட் ரவுண்ட்ஸ் வர பதினொன்று. டிஸ்சார்ஜ் சம்மரியை டியூட்டி டாக்டர் எழுதி, டைப் ஆகி, கையெழுத்தாகி வர மதியம். மிஞ்சிய மருந்து பார்மசிக்குத் திரும்பிய பிறகே பில். பில் ஆன பிறகே டி.பி.ஏ.வுக்கு (காப்பீட்டுக் கோரிக்கைகளைக் கையாளும் நிறுவனம்) அனுப்ப முடியும். அப்ரூவல் வருவதற்குள் இருட்டிவிடும். டிஸ்சார்ஜுக்கு மருத்துவமனை அனுப்பும் இறுதிக் கோரிக்கைக்கு மூன்று மணி நேரத்துக்குள் அனுமதி தர வேண்டும் என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2024 மே மாதச் சுற்றறிக்கையில் சொல்லிவிட்டது. ஆனால் அந்தக் கடிகாரம் கோரிக்கை போய்ச் சேர்ந்த பிறகுதான் ஓடத் தொடங்குகிறது. அதற்கு முன் வீணாகும் மணி நேரங்கள் நம்முடையவை. எந்தக் கையில் எவ்வளவு நேரம் போகிறது என்று அளந்து, சம்மரியை முந்தின நாள் மாலையே தயார் செய்ய ஒரு கன்சல்டன்ட்டைச் சம்மதிக்கவைப்பவர்தான் நல்ல நிர்வாகி. அந்தச் சம்மதத்தை வாங்குவது, வார்டையே பார்க்காத எம்.பி.ஏ. பட்டதாரியைவிட உங்களுக்குச் சுலபம்.

மருந்துக் கையிருப்புப் பாடத்திலும் இதே கதை. ஏ.பி.சி. என்றால் செலவை வைத்துத் தரம் பிரிப்பது. வி.இ.டி. என்றால் உயிருக்கு எவ்வளவு அவசியம் என்பதை வைத்துப் பிரிப்பது. அட்ரினலின் ஆம்பூல் விலையில் கடைசி வரிசை, அவசியத்தில் முதல் வரிசை. வகுப்பில் மற்றவர்கள் இதை மனப்பாடம் செய்துகொண்டிருப்பார்கள். கிராஷ் கார்ட் (அவசர மருந்து வண்டி) சரிபார்த்தவருக்கு இதில் மனப்பாடம் செய்ய என்ன இருக்கிறது?

உங்களுக்குக் கஷ்டமாக இருக்கப்போவது வேறு இடத்தில். வரவு செலவு அறிக்கை படிப்பது, ஒரு ஐ.சி.யூ. படுக்கைக்கு ஒரு நாளைக்கு உண்மையில் எவ்வளவு செலவாகிறது என்று கணக்குப் போடுவது, எக்செல், புள்ளியியல். நர்சிங் முடித்துவிட்டு வருபவர்கள் பலர் தடுமாறுவது இங்கேதான்.

அதனால்தான் எம்.எச்.ஏ.வா எம்.பி.ஏ.வா என்ற கேள்விக்கு எல்லோருக்கும் பொதுவான பதில் கிடையாது. பி.காம். படித்த பிள்ளை கேட்டிருந்தால், தொற்றுநோயியல், மருத்துவ ஆவணம், மருத்துவமனைத் திட்டமிடல் எல்லாம் ஆழமாக இருக்கும் எம்.எச்.ஏ.வைச் சொல்லியிருப்பேன். உங்களுக்கு நிதிப் பாடம் கனமாக உள்ள ஹாஸ்பிடல் மேனேஜ்மென்ட் எம்.பி.ஏ. கூடுதலாக உதவும் என்பது என் கருத்து. ஆனால் பட்டத்தின் பெயரைவிடப் பாடத்திட்டத்தையும் இன்டர்ன்ஷிப்பையும் பாருங்கள். மும்பை டாட்டா சமூக அறிவியல் நிறுவனத்தின் எம்.எச்.ஏ., ஜெய்ப்பூரில் 1984-இல் தொடங்கிய சுகாதார மேலாண்மை நிறுவனமான ஐ.ஐ.எச்.எம்.ஆர்., சென்னை போரூர் ஸ்ரீ ராமச்சந்திராவின் எம்.பி.ஏ. ஆகியவை நெடுங்காலமாக இந்தத் துறையில் இருப்பவை. தங்களுக்கென்றே போதனா மருத்துவமனை உள்ள வளாகம் என்றால் எனக்கு ஒரு படி மேல். பல்கலைக்கழகத்தோடு இணைந்த தனியார் கல்லூரியில் எம்.பி.ஏ. என்றால் ஏ.ஐ.சி.டி.இ. (அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு) அனுமதி இருக்கிறதா என்று சரிபார்த்துவிடுங்கள்.

கற்பிப்பதில் ஆசை இருந்தாலோ, நர்சிங் சூப்பரின்டென்டென்ட் ஆவதுதான் கனவு என்றாலோ, எம்.எஸ்சி. நர்சிங்கே நேர் வழி.

வேலையை விடுவதா? மேலே சொன்ன தரத்தில் இடம் கிடைத்தால் விடலாம். பெயர் தெரியாத கல்லூரிக்காக ஆறு வருட வேலையை விடாதீர்கள். முழுநேரப் படிப்பு முடித்ததும் கிடைக்கும் முதல் வேலை பெரும்பாலும் மேனேஜ்மென்ட் டிரெய்னி அல்லது எக்சிக்யூட்டிவ்தான். அதன் சம்பளம் சீனியர் ஐ.சி.யூ. நர்ஸின் சம்பளத்தை உடனே தாண்டிவிடும் என்று எதிர்பார்க்க வேண்டாம். கல்விக் கடன் வாங்குவதானால் மாதத் தவணையை அந்த முதல் சம்பளத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கல்லூரி விளம்பரத்தில் போடும் அதிகபட்சச் சம்பளம் கணக்குக்கு உதவாது.

அங்கீகாரம் பெற்ற பல்கலைக்கழகத்தின் தொலைநிலை, ஆன்லைன் பட்டம் நேரடிப் பட்டத்துக்குச் சமம் என்று பல்கலைக்கழக மானியக் குழு (யு.ஜி.சி.) 2022-இல் தெளிவுபடுத்தியது. ஆனால் நீங்கள் சேரும் ஆண்டுக்கு, அந்தக் குறிப்பிட்ட படிப்புக்கு, யு.ஜி.சி.யின் தொலைநிலைக் கல்விப் பிரிவின் அனுமதி இருக்க வேண்டும். போன வருடம் இருந்தது என்பது போதாது. மாணவர் தன் பெயரில் டெப் ஐ.டி. (அந்தப் பிரிவு தரும் அடையாள எண்) எடுத்த பிறகே சேர முடியும். அதை ஏஜென்ட்டிடம் விடாமல் நீங்களே எடுங்கள். தொலைநிலைப் பட்டத்தின் பலவீனம் இன்டர்ன்ஷிப். உங்கள் விஷயத்தில் அதைச் சரிக்கட்ட வழி இருக்கிறது: படிக்கும் காலத்தில் உங்கள் மருத்துவமனையிலேயே குவாலிட்டி பிரிவுக்கு மாறிவிடுவது. அதற்கு நிர்வாகம் சம்மதித்தால் தொலைநிலையே எனக்குச் சரியாகப் படுகிறது. சம்மதிக்காமல், ஐ.சி.யூ. டூட்டியையும் பார்த்துக்கொண்டு தொலைநிலையில் படித்தால் கையில் சான்றிதழ் இருக்கும், வேலை மாறாது.

குவாலிட்டி பிரிவு என்று சொல்ல இன்னொரு காரணம், சட்டமும் தரநிர்ணயமும் அங்கேதான் கைக்குப் பழகும். மருத்துவமனைகளுக்குத் தர அங்கீகாரம் தரும் என்.ஏ.பி.எச். அமைப்பின் தரநூலில் உள்ள பத்து அத்தியாயங்களும் மருத்துவமனையின் எல்லா மூலைகளையும் தொடுபவை. உயிரி மருத்துவக் கழிவு விதிகள் 2016-இன்படி மஞ்சள் பை குப்பையை 48 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. ஸ்கேன் அறையில் கர்ப்பிணிக்கான எஃப் படிவம் (கருவின் பாலினம் பார்ப்பதைத் தடுக்கும் சட்டப்படி நிரப்புவது) பிழையில்லாமல் இருக்க வேண்டும். எக்ஸ்ரே, சி.டி. கருவிகளுக்கு அணுசக்தி ஒழுங்குமுறை வாரிய உரிமம் வேண்டும். இவை தாளில் படிக்கும்போது சலிப்பூட்டும். ஆனால் 2011 டிசம்பரில் கொல்கத்தா ஆம்ரி மருத்துவமனையில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். அடித்தளத்தில் அடுக்கிவைத்திருந்த பொருள்களில் பிடித்த தீயின் புகை மேல் தளங்களுக்குப் பரவிச் சுமார் 90 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் எழுந்து ஓட முடியாத நோயாளிகள். எந்தச் சிகிச்சையும் தவறிப்போய் அவர்கள் இறக்கவில்லை. அடித்தளத்தில் என்ன இருக்கிறது என்று இறங்கிப் பார்ப்பதும் ஒருவருடைய வேலைதான். நீங்கள் கேட்கும் வேலை அதுதான்.

விண்ணப்பிப்பதற்கு முன்பே தொடங்கக்கூடிய ஒன்றும் உண்டு. உங்கள் ஐ.சி.யூ.வில் சென்ட்ரல் லைன் (பெரிய இரத்தநாளத்துக்குள் செலுத்தும் குழாய்) போட்ட நோயாளிகளைத் தினமும் ஒரே நேரத்தில் எண்ணி எழுதுங்கள். ஒரு நோயாளிக்கு ஒரு நாள் லைன் இருந்தால் ஒரு லைன் நாள். மூன்று மாதத்தில் 1,200 லைன் நாட்கள், அதில் லைனால் வந்த இரத்தத் தொற்று மூன்று என்றால், விகிதம் ஆயிரத்துக்கு 2.5. இந்த எண்ணோடு, எந்த நிலையில் தவறு நடக்கிறது என்று உங்களுக்குத் தோன்றுவதையும் சேர்த்து, தொற்றுக் கட்டுப்பாட்டுக் குழுவிடம் காட்டுங்கள். நோயாளிகளின் பெயர் எதையும் வெளியே கொண்டுபோகக் கூடாது. நேர்முகத் தேர்வில் "ஏன் நிர்வாகம்?" என்று கேட்டால் சொல்ல உங்களிடம் ஒரு வேலையே இருக்கும்.

நர்ஸ் கவுன்சில் பதிவைப் புதுப்பிக்காமல் விட்டுவிடாதீர்கள். நாளைக்கு வளைகுடாவுக்கோ வேறெங்கோ நர்ஸாகப் போக நினைத்தால் பதிவும் அண்மை அனுபவமும் கேட்பார்கள். தர ஆலோசகர் போன்ற பணிகளுக்கும் உங்கள் அடிப்படைத் தகுதி அந்த நர்சிங் பட்டம்தான்.

கல்லூரிக்கு நேரில் போகும்போது ஹாஸ்டலையும் கட்டடத்தையும் சீக்கிரம் பார்த்து முடியுங்கள். போன வருடம் முடித்த நான்கு பேரின் போன் எண்ணைக் கேளுங்கள். இன்டர்ன்ஷிப்பில் அவர்களை எங்கே உட்காரவைத்தார்கள், ஆபரேஷன் தியேட்டர் அட்டவணையைத் தொடவிட்டார்களா, இல்லை ஃபீட்பேக் படிவம் மட்டும் வாங்கவைத்தார்களா என்று அவர்களிடம் விசாரியுங்கள். அந்த எண்களைத் தர மறுக்கும் கல்லூரி உங்களுக்கு வேண்டாம்.

காலண்டர் விஷயம்: டாட்டா சமூக அறிவியல் நிறுவனம் 2024 சேர்க்கையில் தன் சொந்த நுழைவுத் தேர்வை விட்டு, முதுகலைக்கான பொது நுழைவுத் தேர்வான சி.யு.இ.டி. பி.ஜி.க்கு மாறியது. நீங்கள் சேரும் ஆண்டுக்கு எந்தத் தேர்வு என்று அவர்கள் அறிவிப்பைப் பாருங்கள். சி.யு.இ.டி. பி.ஜி.யும், தமிழகக் கல்லூரிகளின் எம்.பி.ஏ. நுழைவுத் தேர்வான டான்செட்டும் பெரும்பாலும் மார்ச்சுக்கும் மே மாதத்துக்கும் இடையில் வருபவை. விண்ணப்பங்கள் அதற்கு ஓரிரு மாதம் முன்பே திறந்துவிடும். டான்செட்டில் கணக்குக் கேள்விகள் உண்டு. பிளஸ் டூவுக்குப் பிறகு கணக்கைத் தொடாதவர் என்றால் தினமும் ஒரு மணி நேரம் வைத்து இப்போதே ஆரம்பியுங்கள்.