நோர்வேயின் சின்ன நகரம் ஒன்றில் இரண்டு நாள் தங்கப்போகிறேன். பாரம்பரிய நோர்வேச் சாப்பாடு வெளியில் எங்கே கிடைக்கும்? உப்புச்சப்பில்லாதது என்கிறார்களே, உண்மையா?

கேள்வியின் கடைசி வரி இல்லாதிருந்தால் இந்தப் பதிலை எழுதியிருக்க மாட்டேன். சப்பில்லை என்று சொல்லுங்கள், வாதாடலாம். உப்பில்லை என்று மட்டும் சொல்லாதீர்கள். நான் இருக்கும் ஊர் உப்பை வைத்துப் பிழைத்த ஊர்.

ஊரின் பெயர் கிறிஸ்தியான்சுண்ட். மேற்குக் கரையில் சில தீவுகளின் மேல் இருக்கிறது. சனத்தொகை ஏறக்குறைய 24,000. ஒரு தீவிலிருந்து இன்னொன்றுக்குப் போக 1876 முதல் ஓடும் சிறு படகு உண்டு. நீங்கள் எந்த நகரத்துக்கு வருகிறீர்கள் என்று எழுதவில்லை. மேற்குக் கரையாகத்தான் இருக்கும், சுற்றுலாவுக்கு வருபவர்கள் எல்லோரும் அங்கேதான் வருகிறார்கள். மாடும் பன்றியும் தொடமாட்டீர்கள், மீன் சாப்பிடுவீர்கள் என்றும் எடுத்துக்கொள்கிறேன். மரக்கறி மட்டும்தான் என்றால் அவித்த உருளைக்கிழங்கைத் தவிர உங்களுக்குச் சொல்ல என்னிடம் அதிகம் இல்லை, மன்னிக்கவும்.

முதலில் ஒரு விடயம். சின்ன நகரத்தில் எங்கே சாப்பிடுவது என்று கேட்பதைவிட எந்த நாளில், எத்தனை மணிக்கு என்று கேட்பதுதான் பயன்படும். நோர்வேக்காரர் வீட்டில் முக்கியச் சாப்பாட்டை மாலை நான்கு, ஐந்து மணிக்கே முடித்துவிடுவார்கள். இரவு எட்டு மணிக்கு மெழுகுவர்த்தி ஏற்றி வைத்திருக்கும் உணவகத்துக்குப் போனால் உங்களுக்குக் கிடைப்பது பீட்சாவும் ஹம்பர்கரும் பாஸ்தாவும்தான். அவர்களைக் குறை சொல்ல முடியாது. அம்மா வீட்டில் சமைப்பதைச் சாப்பிட யாராவது காசு கொடுத்து வெளியே போவார்களா? நாம் யாழ்ப்பாணத்தில் புட்டுச் சாப்பிட உணவகத்துக்குப் போனோமா? பழைய சாப்பாடு பகல் வேளையில், கஃபத்தேரியா என்று அவர்கள் சொல்லும் இடங்களில் இருக்கும். தட்டை நீங்களே தூக்கிக்கொண்டு வரிசையில் நிற்கவேண்டும். சுற்றிலும் ஓய்வூதியம் வாங்கும் முதியவர்கள் இருப்பார்கள். அவர்கள் கூட்டம் இருந்தால் சாப்பாடு நல்லது.

இப்போது பக்கலாவு, உப்பிட்டுக் காயவைத்த மீனைத் தக்காளியோடு அவித்த குழம்பு. இதைப் பற்றிப் பேசத்தான் எனக்குத் தகுதி இருக்கிறது.

எங்கள் ஊரின் மீன் கிளிப்ஃபிஸ்க். கொட் மீனைப் பிளந்து, உப்பிட்டு, காயவைத்தது. தமிழில் ஒரே சொல்லில் சொன்னால் கருவாடு. 17ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஜாப்பே இப்பெஸ் என்ற டச்சுக்காரர் இங்கே அதைத் தொடக்கிவைத்தார். வெறும் கற்பாறைகள் நிறைந்த கடற்கரை இருந்தது, அதன்மேல் மீனைப் பரப்பினார்கள். மழை இருட்டிக்கொண்டு வந்தால் பெண்களும் பிள்ளைகளும் ஓடிப்போய் அடுக்கி மூடுவார்கள், வெயில் வந்தால் மறுபடி விரிப்பார்கள். என் அம்மம்மா முற்றத்தில் ஓலைப்பாயில் செய்த அதே வேலை, அதே ஓட்டம். மீன் ஸ்பெயினுக்கும் போர்த்துக்கலுக்கும் போனது. அங்கிருந்து திரும்பி வந்தது பக்கலாவு என்ற பெயரும் தக்காளியும் ஒலிவ் எண்ணெயும் மிளகாயும். 1940 வசந்தத்தில் ஜெர்மன் விமானங்கள் குண்டு போட்டு நகரத்தின் பெரும்பகுதியை எரித்துவிட்டன. வீடுகள் புதியவை, பக்கலாவு பழையது. (இதே கரையில் இருக்கும் ஓலசுண்ட் நகரத்துக்காரர்கள் இது தங்கள் சாப்பாடு என்று பின்னூட்டத்தில் வருவார்கள். வரட்டும்.)

நான் 1987இல் மாணவனாக நோர்வேக்கு வந்தேன். அந்தக் காலத்து எங்கள் பையன்கள் பலரைப்போல நாட்டின் வடகோடியான ஃபின்மார்க்கில் மீன் தொழிற்சாலையில் நின்று விரல் மரத்தேன். பிறகு இந்த ஊருக்கு வந்து, 1996 முதல் 11 வருடம் ஓர் உணவகத்தின் குசினியில் வேலை செய்தேன். தலைமைச் சமையற்காரி அறுபதை நெருங்கிய ஓர் அம்மா. பக்கலாவு செய்யும் முறையை அவர் எனக்கு வாயால் சொல்லித்தரவில்லை, அகப்பையைப் பிடுங்கித்தான் சொல்லித்தந்தார். மீனை ஒன்றரை நாள், சில வேளை இரண்டு நாள், தண்ணீரை மாற்றி மாற்றி ஊறவைக்கவேண்டும். பானையில் உருளைக்கிழங்கு, வெங்காயம், மீன், தக்காளி என்று அடுக்கடுக்காகப் போட்டு, மேலே எண்ணெயும் ஒரு காய்ந்த மிளகாயும். பிறகு மெல்லிய நெருப்பு. கிளறக் கூடாது. பானையின் இரண்டு காதையும் பிடித்துக் குலுக்கத்தான் வேண்டும். நான் முதல் நாள் கிளறினேன், மீன் தும்பு தும்பாகப் போய்விட்டது. அகப்பை அன்றுதான் பறிபோனது.

ஒரு நாள் அவர் பார்க்காத நேரத்தில் மேலதிகமாக மூன்று மிளகாய் போட்டேன். ருசி பார்த்தார். கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. "நன்றாக இருக்கிறது. இதை உன் வீட்டில் செய்" என்றார். அதற்குப் பிறகு அந்தப் பானையில் நான் கை வைத்ததில்லை, என் வீட்டுப் பானையில் இன்றும் மூன்று மிளகாய்.

2015 செப்டெம்பரில் டொரொன்டோவிலிருந்து மனைவியின் அண்ணனும் அவர் மனைவியும் வந்தார்கள். வந்த மூன்றாம் நாள், "மச்சான், வீட்டுச் சோறு போதும். இங்கத்தைய ஆட்கள் சாப்பிடுகிற சாப்பாட்டை வெளியில் கொண்டுபோய்க் காட்டும்" என்றார். எனக்குச் சந்தோஷம். நான் வேலை செய்த அதே உணவகத்தில் ஆறு மணிக்கு மேசை பதிவு செய்தேன். மச்சான் மத்தியானம் படுத்து ஆறரைக்கு எழும்பினார். குளித்து, சட்டை மாற்றி, நாங்கள் போய்ச் சேரும்போது எட்டு தாண்டிவிட்டது. ஒன்பதுக்குக் குசினி பூட்டுவார்கள் என்பது என்னைவிட யாருக்குத் தெரியும்? வேலை முடிகிற நேரத்தில் வந்து உட்காருபவர்களை நானே 11 வருடம் திட்டியிருக்கிறேன்.

மெனுவில் பழைய சாப்பாடு என்று இருந்தது பக்கலாவு ஒன்றுதான். நான்கு கோப்பை வந்தது. மச்சான் குனிந்து பார்த்தார். பிறகு மனைவியின் கைப்பையை வாங்கி, அதிலிருந்து ஒரு சின்னப் போத்தலை எடுத்து, ஒரு வாய்கூட வைத்துப் பார்க்காமல், மேலே தூளைக் கொட்டினார். யாழ்ப்பாணத்து மிளகாய்த்தூள். மேசைவிரிப்பிலும் விழுந்தது.

பரிமாறிய பெண் வந்து சாப்பாட்டில் ஏதாவது குறையா என்று கேட்டாள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "இவருக்கு வைத்தியர் கொடுத்த மருந்துத்தூள்" என்றேன். அவள் முகம் மாறிவிட்டது. ஓடிப்போய் மருந்து விழுங்குவதற்கு ஒரு கிளாஸ் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். மச்சான் நோர்வேக்காரர்களின் உபசரிப்பைப் புகழ்ந்துகொண்டே அதைக் குடித்தார்.

சாப்பிட்டு முடித்து அவர் சொன்னது இதுதான்: "புளி விடாத கருவாட்டுக்குழம்பு. இருபத்தெட்டு வருடமாக இதைத்தானா சாப்பிட்டுக்கொண்டிருக்கிறீர்?"

கணக்கு 1,500 குரோனருக்கு மேல் வந்தது. நான்தான் கொடுத்தேன். அவர் மேசையில் ஐந்திலொரு பங்கு டிப்ஸ் வைக்கவேண்டும் என்று நின்றார், கனடாப் பழக்கம். இங்கே ஊழியருக்கு ஒழுங்கான சம்பளம் உண்டு, விரும்பினால் கொஞ்சம் வைக்கலாம் என்று சொல்லியும் கேட்கவில்லை. விலையைப் பற்றி ஒன்று: உட்கார்ந்து சாப்பிட்டால் 25 சதவீத வரி, கட்டிக்கொண்டு போனால் 15. குழாய்த் தண்ணீர் பொதுவாக இலவசம், தயங்காமல் கேளுங்கள்.

மச்சான் கெட்டவர் இல்லை. அவர் சொன்னதில் பொய்யும் இல்லை, என் அம்மாவும் அதையே சொல்லியிருப்பார். எனக்குக் குத்தியது வேறு. 11 வருடம் அந்தக் கதவுக்குப் பின்னால் நின்றவன், முன்வாசலால் வந்து கதிரையில் உட்கார்ந்தது அன்றுதான் முதல் தடவை. அந்த அம்மா ஓய்வுபெற்றுப் பல வருடம் ஆகியிருந்தது. ஆனாலும் பக்கலாவில் மீன் உடையவில்லை. யாரோ ஒரு பையன் உள்ளே பானையைச் சரியாகக் குலுக்கியிருக்கிறான். அதைப் பற்றி நான்கு வார்த்தை மேசையில் பேசலாம் என்று இருந்தேன், தூள் வந்துவிட்டது.

கருவாடு என்றதும் இன்னொன்று ஞாபகம் வருகிறது. கேள்விக்குச் சம்பந்தமில்லை, அவசரமென்றால் அடுத்த பத்திக்குப் போங்கள். நாங்கள் இருக்கும் அடுக்குமாடியில் ஒரு சனிக்கிழமை மனைவி கருவாடு பொரித்தார். திங்கட்கிழமை தபால்பெட்டியில் குடியிருப்போர் நிர்வாகத்தின் கடிதம்: மாடிப்படியில் "அந்நிய வாசனை" வருவதாக முறைப்பாடு, புகைபோக்கியைக் கவனிக்கவும். அந்நியமாம்! இந்த ஊரின் துறைமுகத்தில் சிலை வைத்திருப்பது யாருக்கு? மீன் காயவைத்த பெண்ணுக்கு. மூன்று நூற்றாண்டு முழு ஊரும் கருவாட்டு வாசத்தில்தான் பிள்ளை பெற்றது. முறைப்பாடு செய்த மனிதர் என்று நான் சந்தேகிப்பவர் ஒவ்வொரு நவம்பரிலும் லூத்தஃபிஸ்க் அவிக்கிறார். காய்ந்த மீனைக் காரநீரில் ஊறவைத்துக் களியாக்கும் அந்தச் சாமானின் வாசம் மூன்று மாடிக்கு ஏறும். நான் ஒரு வார்த்தை சொன்னதுண்டா? நோர்வேஜிய மொழியில் இரண்டு பக்கம் பதில் எழுதினேன். மனைவி கிழித்துப்போட்டார். இப்போது மின்னடுப்பைப் பல்கனியில் வைத்துப் பொரிக்கிறோம், ஜனவரியிலும். இதை இனப்பிரச்சினையாக்குகிறான் என்று யாராவது எழுதுவதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன்: மாடியில் மற்ற எல்லோரும் அருமையான மனிதர்கள், பனி வழிக்கும்போது என் பங்கையும் சேர்த்து வழித்தவர்கள். நான் பேசுவது ஒரு கடிதத்தைப் பற்றி.

சரி, உங்கள் இரண்டு நாள். ஞாயிற்றுக்கிழமையைத் தவிருங்கள், பாதிக் கடைகள் பூட்டியிருக்கும். வெள்ளியும் வேண்டாம், அன்று நாடே வீட்டில் மெக்சிக்கோவின் டாக்கோ சாப்பிடுகிறது. கேலியாகச் சொல்லவில்லை. அதேபோல உறைந்த கிராண்டியோசா பீட்சா 1980இல் எங்கள் மாகாணத்து ஸ்ட்ரண்டாவில் வந்தது. அதையும் பாரம்பரியம் என்று என் மகன் வாதாடுவான், எனக்குப் பதில் சொல்ல வராது. செப்டெம்பர் கடைசி வியாழன் என்றால் ஃபோரிகோல், ஆட்டிறைச்சியும் கோவாவும் (முட்டைக்கோஸ்) முழு மிளகும் போட்டு அவித்தது. 1972இல் வானொலி நிகழ்ச்சி ஒன்றில் தேசிய உணவாகத் தெரிவானது. அதற்குத் தூள் கொண்டுபோனாலும் நான் கோபிக்க மாட்டேன். ஜனவரி முதல் ஏப்ரல் வரை கரைக்கு வரும் கொட் மீனை, அதன் ஈரலோடும் சினையோடும் அவித்துத் தருவார்கள், ஈரலை விட்டுவிடாதீர்கள். நவம்பர், டிசம்பர் லூத்தஃபிஸ்க் காலம், அது உங்கள் துணிச்சலைப் பொறுத்தது.

எந்த மாதமானாலும் வியாழக்கிழமையை ஒதுக்கிவையுங்கள். உருளைக்கிழங்கை உரசி மாவோடு பிசைந்து அவித்த உருண்டை அன்றுதான் கஃபத்தேரியாக்களில் வரும். எங்கள் பக்கத்தில் மீனையும் சேர்த்து அரைத்துச் செய்வது பிளண்டபல். வெறும் உருண்டைக்குப் பெயர் பல், தமிழில் எழுதினால் அப்படித்தான் வரும், சாப்பிட ஒரு பல்லும் தேவையில்லை. உள்ளே பன்றிக் கொழுப்புத் துண்டு வைப்பது வழக்கம். வேண்டாமென்றால் வாங்கும் இடத்திலேயே கேளுங்கள், சில நேரம் கொழுப்பில்லாமலும் வைத்திருப்பார்கள். ஒரு மணிக்கு முன்னால் போய்விடுங்கள், முதியவர்கள் பதினொன்றரைக்கே வந்து வரிசையில் நின்றுவிடுவார்கள்.