சாயங்காலமானால் குடிக்கத் தோன்றுகிறதே!

கேள்வி: குடியை விட்டு மூன்று வாரம் ஆகிறது. சாயங்காலமானால் மனசு அலைபாய்கிறது. கடவுள் நம்பிக்கை இல்லாத எனக்கு ஏற்ற குழு உண்டா?

பதில்: உண்டு. அமெரிக்காவில் 1994-இல் தொடங்கிய ஸ்மார்ட் ரெக்கவரி குழுக்களில் பிரார்த்தனை கிடையாது, பயிற்சிதான். இணையவழியிலும் கூடுகிறார்கள். குழுவில் சேர்வதற்குள் சின்ன நோட்டு ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். ஆசை கிளம்பியதும் நேரம், இடம், உடனிருந்தவர், வேகம் பத்துக்கு எத்தனை, எப்படிச் சமாளித்தீர்கள் எல்லாவற்றையும் அப்போதே குறியுங்கள். பெரும்பாலும் அரை மணிக்குள் அலை தணிந்துவிடும். பலர் கோட்டை விடுவது மறுநாள் எழுதுவதில்தான். தூண்டியது எது என்பதே மறந்துபோயிருக்கும். வாரக் குறிப்பைக் குழுவில் வாசியுங்கள், மாற்றுவழியைச் சேர்ந்தே யோசிப்பார்கள்.

நடுவில் சறுக்கி, தினமும் நிறையக் குடிக்கத் தொடங்கிவிட்டால் மட்டும் திடீரென நிறுத்தாதீர்கள். வலிப்பு வரலாம்; முதலில் டாக்டரைப் பாருங்கள்.