அவருக்கு அழைப்பு, எனக்கு இல்லையே?

கேள்வி: எங்களுக்குக் கல்யாணமாகிப் பத்து வருடம் ஆகிறது. கணவர் வங்கியில் வேலை பார்க்கிறார். நான் பள்ளி ஆசிரியை. இரண்டு பிள்ளைகள்; மாமியாரும் எங்களோடு இருக்கிறார்கள். போன வருடம் கன்வென்ஷன் கூட்டத்தில் கணவர் முழுநேர ஊழியத்துக்குத் தன்னை ஒப்புக்கொடுத்தார். வேலையை விட்டுவிட்டு ஒடிசாவுக்கு மிஷனரியாகப் போக வேண்டும் என்கிறார். எனக்கு அந்தப் பாரம், அதாவது ஊழியத்துக்கான உள்ளத் தூண்டுதல், இல்லை. மனைவி கீழ்ப்படிய வேண்டும் என்று வசனம் காட்டுகிறார். குடும்ப ஜெபத்தில் என் பக்கத்தில் முழங்காலிட்டுக்கொண்டே, "தடையாய் நிற்கிற ஆவியைக் கட்டுகிறேன்" என்று ஜெபிக்கிறார். நான் யோனாவைப் போல ஓடுகிறேனா?
– ஒரு சகோதரி, திருநெல்வேலி மாவட்டம்

பதில்: அன்புச் சகோதரி, இல்லை. யோனாவுக்குக் கர்த்தருடைய வார்த்தை நேரே வந்தது. எங்கே போகச் சொன்னார் என்று தெரிந்தேதான் அவன் வேறு கப்பல் ஏறினான். உங்களுக்கு இதுவரை வந்திருப்பது உங்கள் கணவருடைய வார்த்தை. அவருடைய பாரம் உண்மையானதாகவே இருக்கலாம், நான் சந்தேகப்படவில்லை. ஆனால் அந்த ஜெபம் எனக்கு வருத்தமாக இருக்கிறது. மனைவியிடம் நேரில் பேச வேண்டியதை ஆண்டவரிடம் சொல்வதுபோல் அவள் காதில் போடுவது ஜெபம் ஆகாது. இந்தப் பக்கத்தை அவரும் படிக்கட்டும்.

இங்கிலாந்திலிருந்து வங்காளத்துக்கு வந்த மிஷனரி வில்லியம் கேரியைப் பற்றி நம் ஓய்வுநாள் பள்ளிகளில் சொல்லாத பிள்ளை கிடையாது. அவருடைய மனைவி டாரதியைப் பற்றி யாரும் சொல்வதில்லை. 1793-ல் கேரி இந்தியாவுக்குப் புறப்பட்டபோது அந்த அம்மா நிறைமாதக் கர்ப்பிணி. வர முடியாது என்று சொல்லிவிட்டார். கேரி மூத்த மகன் பீலிக்ஸை மட்டும் கூட்டிக்கொண்டு கிளம்பினார். அந்தக் கப்பல் பயணம் தடைப்பட, திரும்பி வந்து மறுபடி கேட்டார். கையில் சில வாரக் குழந்தை. மறுபடியும் மாட்டேன் என்றார். பிறகு கேரியின் கூட்டாளி தாமஸ் போய், வராவிட்டால் வாழ்நாளெல்லாம் வருந்துவாய் என்று அச்சுறுத்தவே, தங்கையும் உடன் வந்தால் வருகிறேன் என்று அவசர அவசரமாகக் கிளம்பினார். மறு வருடமே வங்காளத்தில் ஐந்து வயது மகன் பீட்டர் இறந்துபோனான். அதற்குப் பின் டாரதியின் மனம் பேதலித்தது. தேறவேயில்லை, 1807-ல் செராம்பூரில் கண்ணை மூடினார். கேரியின் ஊழியத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. அந்த அம்மாவுக்கு இன்னும் ஒரு வருடம் அவகாசம் கொடுத்திருக்கலாமே என்று மனது அடித்துக்கொள்கிறது.

உங்கள் ஊர்க் கதையையும் பாருங்கள். 1903-ல் திருநெல்வேலியில் இந்திய மிஷனரி சங்கம் உருவாக முன்னின்ற வி.எஸ். அசரியா, தாமே தெலுங்கு நாட்டுத் தோர்ணக்கல்லுக்கு மிஷனரியாகப் போனது 1909-ல்தான். நடுவில் ஆறு வருடம். அதனால் அவருடைய அழைப்பு கெட்டுப்போகவில்லை.

கீழ்ப்படிதல் பற்றி: எபேசியர் 5-ல் உங்கள் கணவர் காட்டும் வசனத்துக்கு முந்தின வசனம், ஒருவருக்கொருவர் கீழ்ப்படிந்திருங்கள் என்கிறது. பிந்தின பகுதி, கிறிஸ்து சபைக்காகத் தம்மையே கொடுத்ததுபோலப் புருஷன் அன்புகூர வேண்டும் என்கிறது. மூன்றையும் சேர்த்து வாசிக்கச் சொல்லுங்கள். புதிய ஏற்பாட்டுத் தம்பதி பிரிஸ்கில்லாளும் ஆக்கில்லாவும் ஒரே தொழில் செய்து, ஒரே வீட்டில் சபை கூட்டி, பிரசங்கி அப்பொல்லோவை இருவருமாக உட்காரவைத்து விளக்கினார்கள். பவுல் இருவரையுமே உடன்வேலையாட்கள் என்கிறார்.

இனி உங்களுக்கு ஒரு வார்த்தை. "பாரம் இல்லை" என்பதற்குள் என்ன இருக்கிறது என்று நீங்களும் பார்க்க வேண்டும். பிள்ளைகளின் படிப்பா, மாமியாரின் மருந்துச் செலவா, வீட்டுக் கடனா, உங்கள் வேலை போய்விடும் என்பதா? பயத்துக்குப் பயம் என்றே பெயர் வைத்து அவரிடம் சொல்லுங்கள். அதில் பாதிக்கு மிஷனரி ஸ்தாபனமே பதில் வைத்திருக்கும்: பிள்ளைகளுக்கு விடுதி உண்டா, மாதச் சம்பளம் எவ்வளவு, மனைவிக்கு அங்கே என்ன வேலை. மூன்றாவது கேள்வியை விட்டுவிடாதீர்கள்.

ஒரு வருடத்துக்கு ராஜினாமாக் கடிதம் எழுத வேண்டாம் என்று இருவரும் ஒப்புக்கொள்ளுங்கள். அதற்குள் கோடை விடுமுறையில் இரண்டு வாரம் பணித்தளத்துக்குக் குடும்பமாகப் போய், மிஷனரியின் மனைவியோடு அடுப்படியில் உட்கார்ந்து பேசுங்கள். மேடையில் சொல்லாததை அவர்கள் அங்கே சொல்வார்கள். போவதற்கு முன் உங்கள் ஆயரை வீட்டுக்கு அழைத்து, இருவர் பேசுவதையும் கேட்கச் சொல்லுங்கள். முதலில் நீங்கள் பேசுங்கள்.