நாத்தனார் ஐசியில் 07 இருக்கிறதா?

கேள்வி: கல்யாணமாகி கும்பகோணத்திலிருந்து பினாங்கு வந்து நாலு வருஷம் ஆகிறது. பாயான் லெப்பாஸில் குடியிருக்கிறோம். "நான் பினாங்குக்காரி" என்றால் நாத்தனார் சிரிக்கிறார். எப்போதுதான் நான் அப்படிச் சொல்லலாம்?

பதில்: இன்றைக்கே சொல்லலாம். 'மலேசியர்' என்று சொல்லத்தான் இன்னும் நாளிருக்கிறது.

மலேசியரை மணந்த வெளிநாட்டுப் பெண் இங்கே 2 ஆண்டு வசித்திருந்தால் குடியுரிமை கேட்கலாம் என்கிறது அரசியலமைப்பின் 15ஆம் பிரிவு. கேட்க எளிதுதான். நடைமுறையில் முதலில் சிவப்பு ஐசி, அதாவது நிரந்தரவாசிக்கான அடையாள அட்டை வாங்கியிருக்க வேண்டும். அதற்கு விண்ணப்பிக்கவே துணைவர் பாஸில் (மலேசியரை மணந்தவருக்கான நீண்டகால அனுமதி) 5 ஆண்டு ஓட்டியிருக்க வேண்டும். குடிமக்களுக்கான நீல ஐசி அதற்கு அப்புறம்தான். அதுவரை எந்த பாரத்திலும் குடியுரிமை என்ற இடத்தில் இந்தியா என்றே எழுதுங்கள். நீலம் கிடைத்தால் இந்தியக் கடப்பிதழை ஒப்படைக்க வேண்டிவரும். இரண்டு நாடுமே இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. மலாயையும் இப்போதே பேசிப் பழகுங்கள். பசாரில் மீன் விலை கேட்கிற மலாய் போதாது.

சரி, பினாங்குக்காரி விஷயம். அதற்கு முத்திரை குத்துகிற கவுண்டர் எங்கும் கிடையாது. நாத்தனாரின் ஐசியை ஒருமுறை வாங்கிப் பாருங்கள். 12 இலக்கத்தில் முதல் ஆறு பிறந்த தேதி, அடுத்த இரண்டு பிறந்த இடம். பினாங்கு 07, பேராக் 08. தைப்பிங்கில் பிறந்து 40 வருஷமாக ஜார்ஜ்டவுனில் கடை வைத்திருப்பவருக்கும் சாகும்வரை 08தான். அவரைப் போய் யாராவது 'பேராக்காரர்' என்கிறார்களா? உங்களுக்கு நாளைக்கே நீல ஐசி வந்தாலும் 07 வராது. பிறந்த இடம் பிறந்த இடம்தான். அதை மறைக்கவும் வேண்டாம். யாராவது பூர்வீகம் கேட்டால் கும்பகோணம் என்று தாராளமாகச் சொல்லுங்கள்.

என்னைக் கேட்டால், ஊர்க்காரி ஆனது நமக்கே தெரியாமல் வாயில் வந்துவிடும். 2017 முதல் தைப்பூசத்துக்கு வெள்ளி ரதம், தங்க ரதம் இரண்டும் தண்ணீர்மலை முருகன் கோயில்களுக்குப் போகின்றன. எந்த ரதத்துக்குத் தேங்காய் உடைப்பது என்று வீட்டில் வாக்குவாதம் வரும்போது நீங்களும் ஒரு பக்கம் சேர்ந்து கத்துகிறீர்களா? கும்பகோணத்துக்கு லீவில் போனபோது "எங்க ஊர்ல" என்று நீங்கள் சொன்னது எந்த ஊரை? நாத்தனாரின் சிரிப்பை விட்டுத்தள்ளுங்கள்.

பாஸ் காலாவதியாகும் தேதியை மட்டும் காலண்டரில் வட்டம் போட்டு வையுங்கள். இடையில் விட்டுப்போனால் அந்த 5 ஆண்டுக் கணக்கு சிக்கலாகிவிடும்.