சபைக்குள் ஒரு இறையியல் நூலகம் அமைக்க எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி: எங்கள் சபையில் ஒரு அறை காலியாக இருக்கிறது. போதகர், ஞாயிறு பள்ளி ஆசிரியர்கள், வேதபாட வகுப்பு நடத்துகிறவர்கள் எல்லோரும் எடுத்துப் பார்க்கும்படி அங்கே ஒரு இறையியல் ரெஃபரன்ஸ் நூலகம் அமைக்க ஆசை. பலர் புத்தகம் தருவதாகவும் சொல்லியிருக்கிறார்கள். எதை வாங்கலாம், எப்படி அடுக்கலாம்?

பதில்: அந்தப் புத்தகம் தருகிறவர்களிடம் முதலில் "கொஞ்சம் பொறுங்கள்" என்று சொல்லிவிடுங்கள். பல வருடங்களாக ஒரு சபை நூலகத்தைக் கவனித்து வருகிறேன். புத்தகம் கிடைக்காமல் எங்களுக்குச் சிரமம் வந்ததே இல்லை. வந்ததையெல்லாம் வாங்கி வைப்பதால்தான் வரும். யாராவது வீடு மாறினால் பெட்டி பெட்டியாக வந்து இறங்கும்: பாதி தினத் தியான நூல்கள், மீதியில் பழைய மாத இதழ்கள், ஒரே புத்தகத்தில் மூன்று பிரதிகள். வேண்டாம் என்று சொல்ல யாருக்கும் மனசு வராது. கொஞ்ச நாளில் அலமாரி நிரம்பிவிடும். அதற்கப்புறம் நல்ல விளக்கவுரை ஒன்று வாங்கினால் வைக்க இடம் இருக்காது.

ரெஃபரன்ஸ் நூலகம் என்பது உட்கார்ந்து முதல் பக்கத்திலிருந்து வாசிக்க அல்ல. ஒரு சந்தேகத்தோடு வந்து, பார்த்து, சரிபார்த்துவிட்டுப் போக. அதனால் புத்தகப் பட்டியலுக்கு முன்னால் கேள்விப் பட்டியல் போடுங்கள். பாடம் தயாரிக்கிறவர்களிடம் ஒரு நோட்டைக் கொடுத்து, எங்கெல்லாம் முட்டி நிற்கிறார்களோ அதை இரண்டு மூன்று மாதம் எழுதச் சொல்லுங்கள். என்ன வாங்குவது என்று அந்த நோட்டே சொல்லிவிடும்.

ஒரு உதாரணம். வேதபாட வகுப்பில் 1 யோவான் 5:7 வாசிக்கிறார்கள். பழைய மொழிபெயர்ப்பை வைத்திருப்பவர், பரலோகத்தில் சாட்சியிடுகிறவர்கள் மூவர் என்று தொடங்கி, பிதா, வார்த்தை, பரிசுத்த ஆவி என்று வாசிக்கிறார். பக்கத்தில் இருப்பவர் கையில் 1995இல் வந்த திருவிவிலியம். சாட்சி மூன்று என்பதோடு அவருடைய வசனம் முடிந்துவிடுகிறது, பிதாவும் வார்த்தையும் அதில் இல்லை. "இதை யாரோ வெட்டிட்டாங்களா?" என்று ஒருவர் கேட்கிறார். வகுப்பு நடத்துகிறவருக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. சிலர் இந்த இடத்தில் "புதிய மொழிபெயர்ப்புகளை நம்பாதீர்கள்" என்று முடித்துக்கொள்வார்கள். அது பதில் ஆகாது.

இப்போது நூலகத்துக்கு வாருங்கள். யோவான் நிருபங்களுக்கான விளக்கவுரை ஒன்றை எடுத்தால், பழைய கிரேக்கக் கையெழுத்துப் பிரதிகளில் அந்த வரி இல்லை என்றும், லத்தீன் மரபில்தான் அது பரவியது என்றும் இருக்கும். எராஸ்மஸ் என்ற அறிஞர் 1516இலும் 1519இலும் அச்சிட்ட கிரேக்கப் புதிய ஏற்பாட்டில் அதைச் சேர்க்கவில்லை, 1522இல் வந்த மூன்றாம் பதிப்பில்தான் சேர்த்தார். அந்த வழியில் வந்த அச்சுப் பிரதிகளை ஒட்டியே 1611இன் ஆங்கில மொழிபெயர்ப்பும் வேறு பல பழைய மொழிபெயர்ப்புகளும் போயின. அப்புறம் சபை வரலாற்று நூலைத் திறந்தால் அடுத்த பயமும் தீரும். நான்காம் நூற்றாண்டில் திரித்துவத்தைப் பற்றி அவ்வளவு கடுமையாக வாதாடியபோதும் கிரேக்கச் சபைப் பிதாக்கள் இந்த வரியை எடுத்துக் காட்டவில்லை. அதாவது அந்த உபதேசம் இந்த ஒரு வரியின் மேல் நிற்கவில்லை. இதற்குத் தேவைப்பட்டவை: பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க இரண்டு மொழிபெயர்ப்புகள், ஒரு விளக்கவுரை, ஒரு வேதாகம அகராதி, ஒரு சபை வரலாறு. உங்கள் தொடக்க அலமாரியும் அவ்வளவுதான். மீதி மெதுவாக வரட்டும்.

வேதாகம அகராதி வாங்கும்போது அட்டையைப் பார்த்து ஏமாறாதீர்கள். நூறு வருடத்துக்கு முந்தைய புத்தகத்தைப் பளபளப்பான அட்டை போட்டு மறுபதிப்பு செய்திருப்பார்கள், முன்பக்கத்தில் இந்த வருடத் தேதிதான் இருக்கும். நான் செய்கிற சோதனை ரொம்ப எளிது: "கும்ரான்" என்ற பதிவு இருக்கிறதா என்று பார்ப்பேன். பழைய ஏற்பாட்டுப் பிரதிகளும் அடங்கிய சவக்கடல் சுருள்கள் அங்கே கிடைக்கத் தொடங்கியது 1947இல். 1956க்குள் பதினொரு குகைகளிலிருந்து அவை வெளிவந்தன. கும்ரானே இல்லாத அகராதி அதற்கு முன்னால் தொகுத்தது. கானானியர் வழிபாட்டைப் பற்றிய களிமண் பலகைகள் கிடைத்த பழைய நகரமான "உகாரித்" பதிவும் இல்லையென்றால் இன்னும் பழசு, ஏனென்றால் அங்கே அகழாய்வு தொடங்கியதே 1929இல்தான். பழைய அகராதியைத் தூக்கிப் போடச் சொல்லவில்லை. பழைய ஏற்பாட்டுக் கையெழுத்துப் பிரதிகளைப் பற்றியோ கானானியர் வழிபாட்டைப் பற்றியோ பேச அதை மட்டும் நம்பக்கூடாது, அவ்வளவுதான்.

ஒத்தவாக்கிய அகராதி (ஒரு சொல் வேதாகமத்தில் எந்தெந்த வசனங்களில் வருகிறது என்று காட்டும் நூல்) விஷயத்தில் பலருக்குத் தெரியாத ஒன்று: அது எந்த மொழிபெயர்ப்புக்காகச் செய்ததோ அதற்குத்தான் உதவும். பழைய மொழிபெயர்ப்பின் ஒத்தவாக்கியத்தை வைத்துக்கொண்டு புதிய மொழிபெயர்ப்பின் சொல்லைத் தேடினால் கிடைக்காது. 1890இல் வெளிவந்த, ஸ்ட்ராங் என்பவரின் ஆங்கில ஒத்தவாக்கியத் தொகுப்பு இன்றும் நிற்பதற்குக் காரணம் அதன் எண்கள். எபிரெய, அரமேயச் சொற்களுக்கு 8674 வரையும் கிரேக்கச் சொற்களுக்கு 5624 வரையும் எண் கொடுத்திருக்கிறார். மூலமொழி தெரியாதவரும் அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு மற்ற அகராதிகளுக்குள் நுழைந்துவிடலாம். ஆனால் அதன் பின்னால் உள்ள சொற்பொருள் மிகச் சுருக்கமானது. அங்கே வரிசையாக இருக்கும் அர்த்தங்களில் பிடித்ததை ஒன்று எடுத்து, "மூலபாஷையில் இதற்கு அர்த்தம் என்னவென்றால்" என்று பிரசங்கம் பண்ணுகிற பழக்கம் எல்லா இடத்திலும் உண்டு. அதற்காகவாவது பக்கத்திலேயே ஒரு முழுமையான கிரேக்க அகராதியும் எபிரெய அகராதியும் வையுங்கள்.

விளக்கவுரையில்தான் பணம் கரையும். காப்புரிமை முடிந்த பழைய விளக்கவுரைகள் பல இலவசச் செயலிகளில் கிடைக்கின்றன. மத்தேயு ஹென்றி 1714இல் இறந்தவர், அவர் புத்தகத்துக்காக அலமாரியில் ஒரு தட்டை ஒதுக்குவது வீண். (அவரே எழுதியது அப்போஸ்தலர் நடபடிகள் வரைதான். ரோமரிலிருந்து மற்ற ஊழியர்கள் சேர்ந்து முடித்தார்கள். ரோமர் நிருபத்துக்கு "மத்தேயு ஹென்றி சொல்கிறார்" என்று மேற்கோள் காட்டுகிறவர்களிடம் இதை நான் சொல்வதில்லை, பாவம்.) காகிதத்தில் வாங்க வேண்டியவை, இலவசமாகக் கிடைக்காத அண்மைக்கால நூல்கள். அதிலும் ஒரு வரிசை முழுவதையும் மொத்தமாக வாங்காதீர்கள். ஒரே வரிசையில் ஒருவர் ஏசாயாவைப் பிரமாதமாக எழுதியிருப்பார், இன்னொருவர் எசேக்கியேலை ஒப்பேற்றியிருப்பார். வேதாகமம் முழுவதற்கும் ஒரே தொகுதியில் வந்த விளக்கவுரை ஒன்று போதும். அதன் மேல், அடுத்த வருடம் சபையில் எந்தப் புத்தகத்திலிருந்து பிரசங்கம் நடக்கப் போகிறதோ அதற்கு இரண்டு.

ஏன் இரண்டு? என்னைக் கேட்டால் நூலகத்தின் உயிரே இதில்தான் இருக்கிறது. ஒரே கருத்தை ஒரே குரலில் சொல்கிற ஐம்பது புத்தகங்களை வைத்து எதையும் சரிபார்க்க முடியாது. ஒன்றோடொன்று முரண்படுகிற இரண்டு நல்ல நூல்கள் இருந்தால், வாசிக்கிறவர் வசனத்துக்குத் திரும்பிப் போயே தீரவேண்டும். குழந்தை ஞானஸ்நானம், ஆயிரவருட அரசாட்சி, ஆவியின் வரங்கள், கர்த்தருடைய பந்தி என்று சபைகள் பிரிந்து நிற்கிற ஒவ்வொரு விஷயத்திலும் உங்கள் மரபின் சிறந்த நூல் ஒன்றும் எதிர்த்தரப்பின் சிறந்த நூல் ஒன்றும் இருக்கட்டும். எதிர்த்தரப்பு என்றால் அதை உண்மையிலேயே நம்புகிறவர் எழுதியது. நம் ஆள் எழுதிய மறுப்பு நூலை வைத்துக்கொண்டு "அவர்கள் கருத்தும் எங்களிடம் இருக்கிறது" என்று சொல்வது ஏமாற்று.

இதற்கு மூப்பர்கள் பக்கத்திலிருந்து கேள்வி வரும், "தப்பு உபதேசப் புத்தகத்தை நாமே காசு கொடுத்து வாங்குவதா?" என்று. அது நியாயமான பயம்தான், கோபப்படாதீர்கள். வாங்கத் தொடங்குவதற்கு முன்பே ஒரு பக்கத்துக்கு ஒரு கொள்கைக் குறிப்பு எழுதி, சபைக் கமிட்டியில் வைத்து ஒப்புதல் வாங்கிவிடுங்கள். இது ஒப்பிட்டுப் பார்க்கும் இடம், இங்கே இருப்பதாலேயே ஒரு நூலைச் சபை ஏற்றுக்கொண்டது என்று பொருள் இல்லை, நன்கொடை நூல்களை வைப்பதா திருப்பித் தருவதா என்பதைப் பொறுப்பாளர் குழு முடிவு செய்யும். இந்த மூன்றும் அதில் இருந்தால் போதும். மூன்றாவது வரி இருந்தால் பெட்டியோடு வருகிறவரிடம் நீங்கள் தனியாக மல்லுக்கட்ட வேண்டியதில்லை. எச்சரிக்கை ஸ்டிக்கர் ஒட்டுவது எனக்குப் பிடிக்காது. ஒட்டினால் அதைத்தான் முதலில் எடுப்பார்கள்.

அடிக்கடி விட்டுப்போகிற ஒரு வகை, விசுவாச அறிக்கைகள். நிசேயா விசுவாசப் பிரமாணம், 1530இன் ஆக்ஸ்பர்க் அறிக்கை, 1563இன் ஹைடல்பெர்க் வினாவிடை, 1646இன் வெஸ்ட்மின்ஸ்டர் அறிக்கை, 1992இல் வெளிவந்த கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல். கடைசியைத் தவிர மற்றவை சின்னச் சின்னப் புத்தகங்கள். "லூத்தரன்காரர்கள் என்ன நம்புகிறார்கள்?" என்று வாலிபர் கூட்டத்தில் கேள்வி வந்தால், யாரோ சொன்னதைச் சொல்லாமல் அவர்களுடைய ஆவணத்தையே திறந்து காட்டலாம். கத்தோலிக்க நூல்களைச் சேர்க்கும்போது ஒன்றைக் கவனியுங்கள்: பழைய கத்தோலிக்க விளக்கவுரைகள் லத்தீன் வேதாகமத்தின் சங்கீத எண்களைப் பின்பற்றும். அதில் 9உம் 10உம் ஒரே சங்கீதம் என்பதால், நமக்கு 23 அங்கே 22. இதை ஒரு சீட்டில் எழுதி அந்தப் புத்தகத்தின் உள்பக்கத்தில் வைத்துவிட்டால் குழப்பம் இல்லை.

அடுக்கும் முறைக்கு வருகிறேன். பொது நூலகங்களில் உள்ள டியூயி தசமப் பகுப்பில் வேதாகமம் 220, கிறிஸ்தவ உபதேசம் 230, சபை வரலாறு 270, சபைப் பிரிவுகள் 280. பெரிய நூலகத்துக்கு நல்ல முறை. ஆனால் சபை நூலகத்தில் எல்லாப் புத்தகமும் இந்தச் சின்ன வட்டத்துக்குள்ளேயே விழுவதால், புள்ளிக்குப் பின்னால் எண் நீண்டுகொண்டே போகும், யாருக்கும் புரியாது. விளக்கவுரைகளை ஆதியாகமத்திலிருந்து வெளிப்படுத்தின விசேஷம் வரை வேதாகம வரிசையிலேயே அடுக்குங்கள். சபைக்கு வருகிற யாருக்கும் அந்த வரிசை தெரியும், பட்டியல் தேவையில்லை. மற்றவற்றை அகராதிகள், உபதேசம், வரலாறு, வழிபாடு என்று தட்டு தட்டாகப் பிரித்தால் போதும். ஒரு தட்டு 90 சென்டிமீட்டருக்கு மேல் நீளமாக இருந்தால் கனமான தொகுதிகளின் பாரத்தில் நடுவில் வளையும். ஒவ்வொரு தட்டிலும் கால்வாசி இடம் காலியாக விடுங்கள்.

கணினியில் ஒரு எளிய அட்டவணை போதும். தலைப்பு, ஆசிரியர் தவிர இன்னும் மூன்று கட்டங்கள் அவசியம்: முதல் பதிப்பு வந்த வருடம், எந்த மொழிபெயர்ப்பை அடிப்படையாகக் கொண்டது, ஆசிரியர் எந்தச் சபை மரபு. மேலே சொன்ன சிக்கல்களில் பாதி இந்த மூன்று கட்டங்களிலேயே தீர்ந்துவிடும்.

இரவல் கிடையாது என்பதில் உறுதியாக இருங்கள். இங்கிலாந்தில் கிரந்தம் என்ற ஊரின் புனித வுல்ஃப்ரம் ஆலயத்தில், தெற்கு வாசல் மண்டபத்துக்கு மேலே உள்ள அறையில் 1598இல் பிரான்சிஸ் டிரிக் என்ற குருவானவர் ஒரு நூலகம் தொடங்கினார். புத்தகங்களைச் சங்கிலியால் கட்டியிருந்தார்கள், சில சங்கிலிகள் இன்றும் அப்படியே இருக்கின்றன. நாம் சங்கிலி போட முடியாது, ஆனால் ஒரு விளக்கவுரை வீட்டுக்குப் போனால் அந்த வாரம் அது வேறு யாருக்கும் இல்லை. விதி போதகருக்கும் சேர்த்துத்தான். அனுபவத்தில் சொல்கிறேன், அதிகமாகப் புத்தகம் திரும்பி வராமல் போவது அவர்கள் மேஜைக்குத்தான். வேண்டிய ஒன்றிரண்டு பக்கங்களைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளட்டும். முழு அதிகாரத்தையும் நகல் எடுத்து வகுப்புக்கே விநியோகிப்பது காப்புரிமைச் சிக்கல், அதை மட்டும் அனுமதிக்காதீர்கள்.

சபையின் ஞானஸ்நான, திருமண, அடக்கப் பதிவேடுகளையும் பழைய கமிட்டிக் குறிப்பேடுகளையும் "நூலகம் வந்துவிட்டதே" என்று இந்த அறையில் கொண்டுவந்து வைப்பார்கள். வேண்டாம். அவற்றுக்கு வேறு பிரதி உலகத்தில் கிடையாது, பூட்டிய பெட்டியில் தனியாக இருக்க வேண்டியவை. கிழிந்த பக்கத்துக்குச் சாதாரண செலோடேப்பும் வேண்டாம், சில வருடத்தில் அந்த இடம் மஞ்சளாகிப் பக்கத்தையே தின்றுவிடும்.

பணத்தைப் பொறுத்தவரை, ஒரே தடவையில் பெரிய தொகை வசூலிப்பதைவிட வருடாந்திர பட்ஜெட்டில் சின்னதாக ஒரு வரி போடச் சொல்லிக் கேளுங்கள். முதல் வருட உற்சாகத்தில் வாங்கியதோடு நின்றுபோன அலமாரிகள்தான் அதிகம்.

கடைசியாகச் சாவி. ஞாயிறு பாடம் தயாரிக்கிறவர்கள் பெரும்பாலும் சனிக்கிழமை மாலையில்தான் தேடி வருவார்கள். ஆராதனை முடிந்து அரைமணி நேரம் மட்டும் திறந்து வைப்பதாக இருந்தால் இவ்வளவு பாடும் வேண்டியதில்லை. சனி மாலை திறக்க இரண்டு பேரையாவது முதலில் பிடித்துவிட்டு, அப்புறம் அலமாரி வாங்கப் போங்கள்.