மாரிக்கு முன்னர் கூரையை மூடுங்கள்

அன்புள்ள ஐயா,

மானிப்பாயில் எங்கள் அப்பப்பா கட்டிய, நடுவில் முற்றம் வைத்த நாற்சார் வீடு ஒன்று இருக்கிறது. 1995 இடப்பெயர்வுக்குப் பிறகு அங்கே யாரும் நிலையாகக் குடியிருக்கவில்லை. போன மாரியில் வடக்குப் பக்கக் கூரை இறங்கிவிட்டது. கனடாவில் இருக்கும் அண்ணா, இடித்துவிட்டு மாடி வீடு கட்டலாம் என்கிறார். லண்டனில் இருக்கும் அக்கா, ஒரு கல்லையும் தொடக்கூடாது என்கிறார். ஊரில் இருப்பது நான் மட்டும்தான். என்ன செய்ய?

ச.,
மானிப்பாய்

அன்புள்ள ச.,

இடிப்பதா வைத்திருப்பதா என்ற பேச்சைக் கொஞ்ச நாள் தள்ளி வையுங்கள். மாரி தொடங்க முன்னர் அந்த வடக்குக் கூரையை மூடுங்கள். தகரமோ தறப்பாளோ, எதுவானாலும் சரி.

நாற்சார் வீட்டில் நாலு கூரைகளின் உள்பக்கத் தண்ணீரும் முற்றத்துக்குத்தான் இறங்கும். கூரைகள் சேரும் மூலையில் தண்ணீர் ஓடும் பீலி அடைத்துக்கொண்டால் தண்ணீர் சுவருக்குள் போகும். உங்களுடையது பழைய வீடு என்றால் சுவர் சுண்ணாம்புக்கல்லும் சுண்ணாம்புச் சாந்துமாகத்தான் இருக்கும். வருஷக்கணக்காக ஊறினால் சாந்து கரைந்து கல் கழன்றுவிடும். கூரையைத் தாங்கும் வைரம் பாய்ந்த பனஞ்சிலாகையைக் கறையான் லேசில் தொடாது. ஆனால் சுவருக்குள் புதைந்த நுனி ஈரத்தில் உக்கிப்போகும். சுவர் வெடிப்பில் அரசோ ஆலோ முளைத்திருந்தால் இழுத்துப் பிடுங்க வேண்டாம், சுவரும் கூடவே வரும். வெட்டிவிட்டு வேரைச் சாகவிடுங்கள்.

அப்புறம் சீமெந்து. வருகிற மேசன் முதலில் அதைத்தான் சொல்வார். தயவுசெய்து சம்மதிக்காதீர்கள். சுண்ணாம்புச் சுவர் இழுத்த ஈரத்தைத் தானே வெளியே விடும். மேலே சீமெந்து பூசினால் ஈரம் உள்ளே அடைபட்டு, பூச்சு பாளம் பாளமாகக் கழலும்போது கல்லின் முகத்தையும் பெயர்த்துக்கொண்டு வரும்.

எங்கள் அம்மம்மாவின் வீட்டை 2004 இல் இடித்தோம். பார்க்க வந்தவர் விறாந்தையில் நின்றபடியே "இது நிக்காது" என்றார், நாங்களும் நம்பினோம். இடிக்கத் தொடங்கிய பிறகு கிழக்குச் சுவரை விழுத்த மூன்று நாள் பாடுபட்டார்கள். தூண்களும் கதவு நிலைகளும் லொறியில் போயின. ஒரு படம்கூட நாங்கள் எடுத்து வைக்கவில்லை. முற்றம் எத்தனை அடி அகலம் என்று பின்னர் அம்மாவிடம் கேட்டேன். அவருக்கும் நினைவில்லை. அந்த வேதனை எனக்கு இன்னும் ஆறவில்லை.

அக்காவிடம் நல்லூர் மந்திரிமனையைப் பற்றிச் சொல்லுங்கள். பாதுகாக்கப்பட்ட சின்னம் என்று அறிவித்த கட்டடம் அது. காணி தனியாருடையது என்பதால் திருத்த வேலை இழுபட்டுக்கொண்டே போக, 2025 இல் மழைக்கு ஒரு பகுதி இடிந்து விழுந்தது. பாசம் இருந்தால் அக்கா ஓட்டுக்கும் கூலிக்கும் காசு அனுப்பட்டும். அண்ணாவுக்கு அந்த வீடு வேண்டாமென்றால் அவருடைய பங்கை அக்கா வாங்கலாம். யாழ்ப்பாணத் தமிழருக்கான தேசவழமைச் சட்டத்தில், பங்கை விற்கும்போது முதலில் வாங்கும் உரிமை மற்றப் பங்காளிகளுக்கு உண்டு. காணி உறுதி யார் யார் பெயரில் இருக்கிறது என்று ஒரு நொத்தாரிசிடம் காட்டிக் கேளுங்கள்.

கூரை நின்றுவிட்டால் இரண்டு அறையையாவது யாருக்கும் குடியிருக்கக் கொடுங்கள். ஆள் இருந்தால்தான் ஓடு விலகியது கண்ணில் படும், முற்றத்துக் குப்பை கூட்டப்படும். குறைந்த வாடகை என்றாலும் பரவாயில்லை.

கடைசியில் இடிக்கத்தான் வேண்டும் என்று மூவரும் முடிவெடுத்தால், அப்போதும் நான் உங்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் முதலில் நாடா பிடித்து ஒவ்வொரு அறையையும் அளந்து வரைந்து வையுங்கள்.

இந்தக் கிழமையே கூரையின் படங்களை அனுப்புங்கள், மூலைப் பீலிகள் தெரியும்படி. சுண்ணாம்பு வேலை தெரிந்த பெரியவர் ஒருவர் சங்கானைப் பக்கம் இருக்கிறார். அவரிடம் காட்டிக் கேட்டுச் சொல்கிறேன்.